மண்சுவர் மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் புகைப்புரை, அதாவது ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகை, எங்கே எரிந்தாலும் ஒரே பேச்சுதான்: "பழைய மண்கட்டைப் புரைல்லா, பின்ன எரியாதா? இடிச்சிட்டுத் தகரம் அடியுங்க." இந்தத் தீர்ப்பு தவறு.

எரிவது மண் இல்லை. காயப்போட்ட ஷீட் ஒன்று நழுவித் தணலில் விழும். மேலே கரி படிந்த கழியும் ஓலைக்கூரையும் இருந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம். அப்படி எரிந்த ஒரு புரையைப் போய்ப் பார்த்தேன். கூரை முழுக்கச் சாம்பல். அடுப்பு வாய்ப் பக்கத்து மண்கட்டைகள் செங்கல்லாகச் சிவந்து, தட்டினால் கணீரென்றன. கொஞ்சம் உள்ளே சுரண்டினால் பழைய மண் நிறமே இருந்தது. சுவருக்கு வெளியே சாய்த்து வைத்த விறகில் சூட்டுக் கறைகூட இல்லை.

களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறவே சுமார் 500 டிகிரி சூடு வேண்டும். தீயின் வெப்பத்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும். அந்தச் சூட்டைத் தாண்டும்போது இரும்பு ஏறக்குறைய பாதி வலுவை இழந்து வளையத் தொடங்கும். தகரமோ சூட்டை உடனே மறுபக்கம் கடத்தும். ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் 250 மி.மீ. தடிமனுள்ள, சுடாத மண்கட்டைச் சுவர் 4 மணி நேரம் தீயைத் தாங்கியது. ஜெர்மன் தரவிதியோ, கன மீட்டருக்கு 1,700 கிலோவுக்குக் குறையாத மண்ணில் கொஞ்சம் வைக்கோல் கலந்திருந்தாலும் அதை எரியாப் பொருளாகவே கணக்கில் வைக்கிறது.

மண்சுவருக்கு எதிரி தண்ணீர்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கூரை எரிந்தபின் சுவரைத் திறந்துபோட்டால், தீ விட்டுவைத்ததை மழை கரைத்துவிடும். அன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். கருங்கல் அஸ்திவாரமும் நன்றாக வெளியே நீண்ட இறவாரமும் இருந்தால் சுவர் பல தலைமுறை நிற்கும்.

ஆகவே புகைப்புரை கட்ட மானியம் தருகிறவர்களுக்கும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள்: மண்சுவரை மதிப்பீட்டில் தள்ளிவிடாதீர்கள். பணத்தைக் கூரைக்கும் அடுப்புக்கும் செலவழிக்கச் சொல்லுங்கள். ஓலைக்குப் பதில் ஓடு, புரைக்கு வெளியே அடுப்பு, விழும் ஷீட் தணலைத் தொடாமல் தடுக்கப் புகைவழிக்கு மேலே இரும்புத் தகடு. தங்கள் வேளாண் பக்கத்தில் அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரிடமும் தீயணைப்பு நிலைய அலுவலரிடமும் கேட்டு இதை விரிவாக வெளியிட்டால், இந்தக் கோடைக்கு முன் புரையை இடிக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
சிறு ரப்பர் விவசாயி,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்