பூக்கடையைக் காப்பாற்றியவர்களுக்கு

பினாங்கு உறவுகளுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் மாலைகளைப் பார்த்துவிட்டு, "விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன்" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாராட்டில் எனக்குச் சேர வேண்டியது கால்வாசிகூட இல்லை, மீதியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவே வெறிச்சோடியது. கோயில் பூட்டு, கல்யாணம் கிடையாது, அப்புறம் இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிற மல்லிகையும் நின்றுபோனது. மல்லிகை இல்லாமல் என்ன மாலைக்கடை என்று நான் போனில் புலம்பியபோது பட்டர்வொர்த் பெரியம்மா சிரித்தார். "ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப எங்களுக்கு எந்த பிளேன்ல வந்துச்சு மல்லிகை? அரளி இல்லையா, நந்தியாவட்டை இல்லையா, துளசிதான் இல்லையா?" அதோடு விடவில்லை, வீடியோ காலிலேயே உட்காரவைத்து வாழைநாரில் கட்டப் பழக்கினார். நனைத்த நார் நூல் மாதிரி காம்பை அறுக்காது, ஈரமும் கொஞ்ச நேரம் நிற்கும். நூற்கண்டோடு வளர்ந்த எனக்கு முதலில் விரலே வணங்கவில்லை, அவரோ ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லித் திரும்பக் கட்டவைத்தார். பெரியம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

மல்லிகை வரட்டும் என்று பிடிவாதமாகக் காத்திருப்பதையும் ஊர் விடாமுயற்சி என்றுதான் சொல்லியிருக்கும், கடை மட்டும் இருந்திருக்காது.

கட்டுப்பாடு தளர்ந்ததும், மரக்கறியோடு செவ்வந்திப் பெட்டிகளையும் கேமரன் மலையிலிருந்து ஏற்றிவந்து கடனுக்கு இறக்கிப்போன லோரிக்கார அண்ணனுக்கு நன்றி. வாங்க ஆளில்லாமல் தோட்டக்காரர்கள் பூவைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாதி வாடகை போதும் என்ற கடைச் சொந்தக்காரர் தவ்கேக்கும் நன்றி, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பக்கத்துக் கடைத் தம்பி இதை வாசித்துக்காட்டுவான்.

2021 தைப்பூசத்துக்கு ரதமும் இல்லை, காவடியும் இல்லை. ஜெலுத்தோங் அக்கா ஒருவர்தான், வீட்டு முருகன் படத்துக்கு அளவாக ஒரு சின்ன மாலை கட்டித் தர முடியுமா என்று கேட்டார். பெரிய மாலையே கட்டிப் பழகிய எங்களுக்கு அது புதுசு. கட்டிக் கொடுத்தோம், அவர் படமெடுத்து வாட்சப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். ஊர்வலமெல்லாம் திரும்பி, மல்லிகையும் வந்துவிட்ட பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சின்ன மாலைதான் முதலில் தீர்கிறது. அக்கா, உங்கள் யோசனைக்கு ஒரு காசுகூட வாங்கவில்லை நீங்கள்.

மோட்டாரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தம்பிகள், பழைய பாக்கியைத் தாங்களாகவே வந்து கட்டியவர்கள், எல்லாருக்கும் நன்றி. யார் பெயரையும் போட வேண்டாம் என்று நீங்களே சொன்னதால் போடவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தால் கதம்பம் ஒரு முழம் என் கணக்கு. தீபாவளி மாலைக்கு மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நாள் ராத்திரி போன் அடித்தால் பெரியம்மா திட்டுவார்.