சேர்வராயன் மலையில் வேட்டையும் விவிலியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் பயிரிட்டு வாழும் கத்தோலிக்கன் நான். சென்ற வாரம் எங்கள் வேலியோரம், கிளட்ச் வயரில் செய்த சுருக்கில் காட்டுப்பன்றி ஒன்று செத்துக் கிடந்தது. கம்பி பின்னங்காலை எலும்புவரை அறுத்திருந்தது. சுற்றிலும் மண் கிளறப்பட்டிருந்ததைப் பார்த்தபோது, அது இரவெல்லாம் போராடியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து இதைச் சொன்னபோது, எங்கள் ஆலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர், "விலங்குகளை ஆளும்படி கடவுளே சொல்லியிருக்கிறாரே" என்றார். அவருக்கு அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலில், முதல் அதிகாரத்தின் 28-ஆம் வசனம். அதற்கு அடுத்த இரண்டு வசனங்களில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் உணவாகக் கடவுள் தருவது செடிகொடிகளையும் கனிகளையுமே. இறைச்சிக்கான அனுமதி, நோவா பேழையில் தப்பிய வெள்ளப்பெருக்கு முடிந்த பிறகு ஒன்பதாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதுவும் இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்ற தடையோடு வருகிறது. அதே அதிகாரத்தில் கடவுள் நோவாவோடு மட்டுமன்றி, பேழையிலிருந்து இறங்கிய காட்டு விலங்குகளோடும் உடன்படிக்கை செய்கிறார்.

விவசாயியான என்னை அதிகம் உறுத்துவது விவிலியத்தின் இரண்டாம் நூலான விடுதலைப் பயணத்தின் 23-ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும், அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் தின்னட்டும் என்கிறது அது. ஏழைக்கு அடுத்த இடத்தில் காட்டு விலங்குக்கும் விளைச்சலில் பங்கு எழுதிய சட்டம் அது.

விவிலியத்தில் வேட்டைக்காரர்கள் இல்லாமலில்லை. ஏசா வேட்டையாடினார், அவர் கொண்டுவந்த இறைச்சியை அவர் தந்தை ஈசாக்கு விரும்பி உண்டார். இயேசுவின் சீடர்களில் சிலர் மீனவர்கள். நானும் புலால் உண்பவனே. ஆனால், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. 1215-இல் கூடிய திருச்சபை ஆயர்களின் பேரவையான நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதையே தடை செய்தது.

பன்றிகளால் பயிர் அழிவது உண்மை, நானும் இழந்திருக்கிறேன். அதற்காகத்தான் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழிமுறையை அறிவித்தது. அதன்படியும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே உரியது. சுருக்கு வைப்பவருக்கோ எது சிக்குகிறது என்பது பொருட்டல்ல. கோடையில் தண்ணீர் தேடித் தோட்டங்களுக்குள் வரும் காட்டெருமையின் காலிலும் அதே கம்பிதான் இறுகும். இதில் கூலிக்குச் சுருக்கு வைக்கும் ஏழையைவிட, காட்டுக்கறி வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் வசதியானவர்கள்மீதே எனக்குக் கோபம் அதிகம்.

அக்டோபர் 4, விலங்குகளை நேசித்த புனிதர் அசிசி பிரான்சிஸ் திருநாளில் இம்மலைப் பங்குகளின் மறையுரைகளில் இதைப் பேசும்படி அருள்தந்தையரைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திராமல், தோட்டம் வைத்திருப்போர் தங்கள் வேலிகளை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது எங்கள் வேலியில் மட்டும் மேலும் நான்கு சுருக்குகள் இருந்தன. அவற்றை அறுத்தெடுத்து வனத்துறையிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.