103-ஆம் பிரிவைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலைப் பற்றி அம்மாவே தனியாக எழுதுவாள். தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தி ஏதோ சொன்னாள், நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மார்கழி முழுவதும் அமெரிக்கக் காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குகளில் பேர்பெற்ற நீதிபதி ஜைல்ஸ் சதர்லாண்ட் ரிச்சின் பழைய தீர்ப்புகளை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய வாழ்க்கைக் கணக்கை ஒருமுறை வயதுகளாகப் போட்டுப் பார். 1904-இல் பிறந்தவர், 1929-இல் கொலம்பியாவில் சட்டம் முடித்து, காப்புரிமை வழக்கறிஞரான தன் தந்தையின் அலுவலகத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதிபர் ஐசனாவர் அவரை நீதிபதியாக்கியது 1956-இல். இடையில் இருபத்தேழு ஆண்டுகள்! விண்ணப்பம் எழுதுவதும், கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கிளெய்ம்களைத் திருத்துவதும், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதுமாக அந்தக் காலம் போயிற்று. நீதிபதி இருக்கையில் அமர்ந்தபோது வயது ஐம்பத்திரண்டு. உனக்கு இப்போது முப்பத்தாறுதான் ஆகிறது. அவசரப்படாதே என்று மட்டும் சொல்கிறேன்.

நீதிபதியாவதற்கு முன்பே அவர் செய்த வேலைதான் என்னை எப்போதும் வியக்க வைக்கும். 1941-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அதில் மேதைமையின் மின்னல் தெரிய வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பெழுதியது. அதன்பின் அங்கே போன காப்புரிமைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. தன் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாத காப்புரிமை மட்டுமே செல்லும் போலிருக்கிறது என்று நீதிபதி ஜாக்சன் 1949-இல் மறுப்புத் தீர்ப்பில் எழுதும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. அந்த நேரத்தில் ரிச்சும், காப்புரிமை அலுவலகத்தைச் சேர்ந்த ஃபெடரிகோவும் உட்கார்ந்து, 1952 காப்புரிமைச் சட்டத்தின் வரைவை எழுதினார்கள். அதில் அவர்கள் எழுதிய 103-ஆம் பிரிவு மின்னலையெல்லாம் கேட்கவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு நடந்த காலத்தில், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவனுக்கு அது ஆப்வியஸாக, அதாவது வெளிப்படையான அடுத்த படியாகத் தெரிந்திருக்குமா என்று மட்டும் அன்று கேட்டது. அதன் கடைசி வாக்கியம் உனக்கு மனப்பாடம்: கண்டுபிடித்த விதம் எதுவானாலும், அதைக் காட்டிக் காப்புரிமையை மறுக்கக் கூடாது. ஒரே இரவில் தோன்றியதா, இருபது வருடம் தடுமாறி வந்ததா என்பது சட்டத்துக்கு வேண்டாத விஷயம்.

1982-இல் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் உருவாகி, இவருடைய பழைய நீதிமன்றம் அதில் இணைந்தபோது இவருக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வு கேட்கவில்லை. 1999 ஜூனில், தொண்ணூற்றைந்து நிறைந்து பத்தாவது நாள் இறக்கும்வரை பணியிலேயே இருந்தார். அறிவியலாளர் ஆனந்த சக்கரவர்த்தி ஆய்வகத்தில் உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று முதலில் எழுதியவர் அவர். 1980-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதை உறுதி செய்தது. தொண்ணூற்று நான்காம் வயதில் எழுதிய ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்பை மட்டும் நான் இன்றும் ஏற்கவில்லை. மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு முறைக்கெல்லாம் காப்புரிமைக் கதவைத் திறந்துவிட்டது பெரிய பிழை. அதற்காக மாடியில் நாம் இருவரும் போட்ட சண்டை அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. நீ அன்று சொன்னதில் பாதி சரி.

வாஷிங்டனில் அந்த நீதிமன்றத்தின் முன்னால், லஃபாயெட் சதுக்கத்து ஓரத்தில் நின்று நீ எடுத்து அனுப்பிய படம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். படம் அனுப்பத் தெரிந்தவளுக்கு இரண்டு வரி எழுதத் தெரியாதா என்றும் சில நாள் தோன்றும். அவசரப்பட்டு எதையும் விட்டுவிடாதே. விட்டிருந்தாலும், அதைச் சொல்லாமல் இருக்காதே.

103-ஐப் படிக்கும்போதெல்லாம் பட்டறைக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். நான் காப்புரிமை முகவராகத் தொழில் செய்த நாளில், தென்னை ஏறும் கருவி ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பாதம் வைக்கும் கட்டையில் ஒரு கீலைத் திருப்பிப் போட்டிருந்தார், அவ்வளவுதான். எடை ஏறியதும் அது தானாக மரத்தைக் கவ்விக்கொண்டது. "இதில் என்ன புதுமை, யார் வேண்டுமானாலும் செய்வார்களே" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிக்கூடப் பார்க்கவில்லை. செய்து முடித்ததைப் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் எளிதாகத்தான் தெரியும் என்று பிறருக்குப் பாடம் எடுத்தவன் நான். அவர் சாக்கை மடித்து, கயிற்றைத் திரும்பக் கட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

உன்னிடமும் அதையே செய்தேன். 103-இன் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றி நீ முதன்முதலாக எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டியபோது, மூன்றாம் பக்கத்திலேயே மூடி, "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றேன். அதன்பிறகு நீ எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை. வேலைப் பளு என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியும் பாப்பா.

அதன் பிரதி உன்னிடம் இருந்தால் அனுப்பு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, உனக்கு அங்கே சனி இரவு, நான் ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன். வேலையைப் பற்றி நானாகக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா