அம்மா வீட்டுவேலை செய்தவள்தான்

சிகாகோ, ஆண்டர்சன்வில்
நவம்பர் 1913

அன்பு மகளுக்கு,

மின்னியாபொலிஸில் குளிர் இறங்கியிருக்கும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

உன் கடிதம் வந்தது. உனக்குப் பேசியிருக்கும் பையனின் வீட்டாரிடம், அம்மா வீட்டுவேலை செய்தவள் என்று சொல்ல வேண்டாம் என்கிறாய். நீ ஆபீஸில் டைப் அடிக்கிறாய், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் இதை மறைக்க என்னால் முடியாது.

ஸ்வீடனில், நம் ஸ்மோலாந்து மாகாணத்தில், பண்ணை வேலைக்குச் சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு நகர முடியாது. சட்டமே அப்படித்தான். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் விடுவார்கள். வேறு இடம் போவதென்றால் அப்போதுதான். பால் கறப்பது, சாணம் அள்ளுவது, அறுப்பு எல்லாம் என் பாடு. தலையில் துணி கட்டிக்கொள்ளலாம். தொப்பி வைத்தால் ஊர் ஏசும், அது பெரிய வீட்டுப் பெண்களுக்கு உரியது.

1889-இல் இங்கே வந்தேன். இங்கும் நாளெல்லாம் நின்று கால் வீங்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் வீட்டில் படுத்த பிறகும் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை! சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு என்பதால் வாரக் கூலி அப்படியே கையில் நிற்கும். உன் சித்தியின் கப்பல் டிக்கெட் அந்தக் காசில் எடுத்ததுதான். அப்புறம் ஒரு தொப்பி வாங்கி, அதோடு படம் எடுத்து, உன் பாட்டிக்கு அனுப்பினேன்.

வியாழன் மதியம் எங்களுக்கு விடுமுறை. சிகாகோ அவென்யூ பக்கம் போனால் சர்ச், ஸ்வீடிஷ் பத்திரிகை, காபி, குடி ஒழிப்புச் சங்கக் கூட்டம், எங்கும் நம் ஆட்கள்தான். உன் அப்பாவை அங்கேதான் பார்த்தேன். தச்சு வேலையில் அவரைச் சுற்றி எல்லோரும் ஸ்வீடன்காரர்கள், அதனால் ஆங்கிலம் வரவே இல்லை. எனக்கோ எஜமானியம்மா வீட்டுச் சமையலறையில் ஒரே குளிர்காலத்தில் வந்துவிட்டது. பிறகு இந்த வீட்டை வாங்கும்போது பத்திரத்தைப் படித்துச் சொன்னது நான்தான்.

மாப்பிள்ளையின் அம்மாவும் கன்னிப் பெண்ணாகத் தனியே கப்பலேறி வந்தவர் என்று எழுதியிருந்தாயே. கல்யாணத்துக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவரிடமே கேட்டுப் பாரேன்.

கிறிஸ்துமஸுக்கு இருவரும் வருவதென்றால் சீக்கிரம் எழுது. லூட்ஃபிஸ்க் சமைக்க, காய்ந்த மீனை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா