தெருமுனைக் கடையும் என் வீட்டுக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிகரெட்டை விட நினைப்பவரிடம் எல்லோரும் மன உறுதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வீட்டிலிருந்து கடை எத்தனை எட்டு என்று யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தபிறகு எனக்கு அதுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

பழைய வாடகை வீட்டு வாசலில் நின்றாலே பெட்டிக்கடை தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, செருப்புகூட மாட்டாமல் போய் ஒன்று வாங்குவார். நூலில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொள்வார். நாளுக்கு எட்டு, பத்து. அப்புறம் ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவுக்குக் குடிவந்தோம். கடைக்குப் போக பஸ் ஸ்டாப் வரை பத்து நிமிடம் நடக்க வேண்டும். ராத்திரி சட்டையை மாட்டுவார், கேட் வரை போவார், "சரி, காலையில பாத்துக்கலாம்" என்று திரும்பி வந்துவிடுவார். நாளுக்கு மூன்றானது. ஒரு ஆடி மாதம் முழுக்க ஒன்றுகூட இல்லை. பிறகு எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை வந்தது. பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டார்.

புகைப்பவர்கள் இருக்கும் இடம் பார்த்துத்தானே கடை வருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் வந்த கடை, விட நினைப்பவரையும் விடுவதில்லை. பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வீட்டுக்கும் கடைக்கும் இடைவெளி கூடியபோது, பழக்கத்தை விடும் வாய்ப்பும் கூடியதாக அதில் தெரிந்தது.

2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது. எங்கள் தெருவில் பள்ளி இல்லை, அதனால் தடையும் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இந்தத் தெருவில்தானே இருக்கிறார்கள்? கடலை மிட்டாய் பாட்டிலை ஒட்டியே சிகரெட் அடுக்கியிருக்கிறது. அட்டையில் 85 விழுக்காட்டுக்கு எச்சரிக்கைப் படம் போட்டும் என்ன பயன்? ஒற்றையாக வாங்குபவர் கைக்கு அந்த அட்டை வருவதே இல்லை.

புகையிலை விற்கத் தனி உரிமம் வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், பிஸ்கட் விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. எங்கள் பகுதியில் அதற்கான அறிகுறியே இல்லை.

கடைக்கார அம்மாவை நான் குறை சொல்லவில்லை. "சிகரெட்டுல எனக்கு என்னம்மா நிக்குது? அது இல்லேன்னா டீக்கு ஆள் வராது" என்றார். அவர் பிழைப்பில் கைவைக்க வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் 2014-இல் ஒரு வட்டாரத்துக்கு 45 உரிமம் என்று வரம்பு வைத்தபோதும் இருந்த கடைகளை மூடவில்லை, புதிதாகத் தருவதைத்தான் நிறுத்தினார்கள். இங்கேயும் குடியிருப்புத் தெருக்களில் ஏற்கெனவே எத்தனை கடை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் புதியதற்கு அனுமதி கொடுக்கட்டும். சீக்கிரம் செய்தால் நல்லது. எங்கள் தெருவின் மறுமுனையில் இன்னொரு கடைக்குத் தகரம் வந்து இறங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை