கைப்பிடிக் கணக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாடித்தோட்டம் என்று பேச்செடுத்தாலே, ‘ரசாயன உரமா, ஐயோ!’ என்று ஒரு சாரார் பதறுகிறார்கள். ‘ஒரு கைப்பிடி காம்ப்ளக்ஸ் போடுங்க, காய் கொட்டும்’ என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேச்சுமே செடிக்கு உதவாது. உங்கள் தோட்டப் பக்கத்தில் இதைப் பற்றித் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

காம்ப்ளக்ஸ் என்று கடையில் விற்கும் 17:17:17 குருணை உரம் விஷமல்ல. நூறு கிராம் உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஒவ்வொன்றும் 17 கிராம் என்பதுதான் அந்த எண். தொழு உரம் மட்கினாலும் வேர் கடைசியில் உறிஞ்சுவது இதே சத்துக்களைத்தான். உரம் போட்ட காயைத் தின்னவே கூடாது என்பவர்கள் பூச்சிமருந்தையும் உரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தொழு உரமும் மண்புழு உரமும் மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும், அந்த வேலையைக் குருணை செய்யாது. அதனால் இரண்டும் வேண்டும்.

கெடுதல் வருவது அளவு மீறும்போதுதான். பத்துப் பன்னிரண்டு கிலோ மண் பிடிக்கும் வளர்ப்புப் பையில் உரத்தின் உப்புக்குப் போக்கிடம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் கத்தரிச் செடியின் தண்டை ஒட்டியே குருணை குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இலைகள் ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து அந்த அம்மா மறுபடியும் போடப் போனார். மேலே கிடந்த குருணையை அள்ளிவிட்டு, பையின் அடியில் வழியும் வரை சில நாள் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே தளிர் வந்தது. நல்லவேளை, வேர் முழுசாகக் கருகவில்லை.

காய்க்கும் செடிக்கு ஒரு பைக்கு ஒரு டீஸ்பூன், சுமார் ஐந்து கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, ஈர மண்ணில் வட்டமாகத் தூவி, லேசாகக் கிளறி மூடித் தண்ணீர் விட வேண்டும். நாற்று வேர் பிடிக்கும் வரை வேண்டவே வேண்டாம். கீரைக்கு மண்புழு உரமே போதும். தழைச்சத்து மிஞ்சினால் கீரையில் நைட்ரேட்டாகத் தங்கும். தக்காளியோ இலையாகத் தழைத்துப் பூவில் குறையும், அசுவினிப் பூச்சியும் தேடி வரும்.

எல்லாக் குறைக்கும் இதுவே மருந்து என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். தண்ணீரை ஒருநாள் விட்டு, ஒருநாள் மறந்தாலே அது வரும். அப்போது காம்ப்ளக்ஸைக் கூட்டினால் அழுகல் கூடத்தான் செய்யும். எலுமிச்சையின் புதுத் தளிர் மஞ்சளாக வந்தால் பெரும்பாலும் இரும்பு, துத்தநாகக் குறை. சாதாரண 17:17:17-இல் அவற்றை நம்ப முடியாது.

இன்னொன்று. மூட்டையில் எண் அச்சிட்டிருக்கிறது. ஆனால் கடையில் அரைக் கிலோ கேட்டால் வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். உள்ளே இருப்பது 17:17:17-ஆ, கந்தகமும் சேர்ந்த 20:20:0:13-ஆ, யூரியாவா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? யூரியாவில் தழைச்சத்து மட்டுமே 46 சதவீதம். அதே ஒரு ஸ்பூன் கணக்கு அதற்கு ஆகாது. கடைக்காரர்கள் உரத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டுத் தர வேண்டும். நீங்களும் உங்கள் பக்கத்தில் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்பதோடு, பைக்கு இத்தனை கிராம் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி,
தாம்பரம்.