பெரியம்மாவுக்கு ஒரே வரியில் ஒரு சான்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரணில் கிடக்கும் பழைய கடிதங்களைப் படித்துப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தபால் துறையில் 36 வருடம் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள் நான்.

என் அப்பாவின் அண்ணன் 2017-ல் தமது 82-வது வயதில் காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. பெரியம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க பெரியப்பா எங்க வேலை பார்த்தாருன்னு நீயாச்சும் கண்டுபிடிச்சுச் சொல்லும்மா" என்றார். 55 வருடம் குடித்தனம் நடத்தியவர் கேட்கும் கேள்வியா இது என்று அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். 1956-ல் தந்தி இலாகாவில் சேர்ந்தார். திருச்சியில் வேலை. 1963 கடைசியில் 'டெபுடேஷன்' என்று சொல்லிவிட்டு வடக்கே போனார். அதன்பிறகு யார் கேட்டாலும் 'சென்ட்ரல் கவர்மென்ட்' என்ற ஒரே பதில்தான். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெரியம்மாவை ஒருநாளும் கூட அழைத்துப் போனதில்லை. 1993-ல் 58 வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கேட்டால், "பனி தின்னுடுச்சு" என்பார். அதற்குமேல் பேச்சு போகாது.

உட்கார்ந்த இடத்தில் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தந்தி அடிக்கப் பயன்படும் மோர்ஸ் எழுத்துகளைக் குறில், நெடில் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார். மூன்று குறில் தட்டினால் எஸ், மூன்று நெடில் தட்டினால் ஓ. நான் தபால் துறைக்கு வந்ததே அவரால்தான்.

டிரங்குப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் பெரியம்மாவுக்கு அவர் எழுதிய இன்லண்ட் கடிதங்கள். உள்ளே படிக்க ஒன்றும் கிடைக்காது. மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்ற விசாரிப்புதான். ஆனால் என் கண் போனது முகவரிக்கும் முத்திரைக்கும். 1964 முதல் 1968 வரை எல்லாவற்றிலும் 56 ஏ.பி.ஓ. என்று இருக்கிறது. அது ராணுவத் தபால் முகவரி. அனுப்பியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடே. பெரியப்பாவோ ராணுவத்தில் இருந்தவர் இல்லை. 1969-லிருந்து அந்த முகவரி காணாமல் போய், புது தில்லியில் ஒரு தபால் பெட்டி எண் வருகிறது.

இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எல்லைச் சாலை போடும் நிறுவனத்தாருக்கும் இதே ஏ.பி.ஓ. முகவரி உண்டு. பனியில் விரல் போவது அவர்களுக்கும் நடக்கக்கூடியதுதான். அதனால் சாலை வேலைக்குத்தான் போயிருப்பார் என்று கொஞ்ச நாள் நானே நம்பினேன்.

அப்புறம் குடும்ப ஓய்வூதியத்துக்காக பி.பி.ஓ. புத்தகத்தை, அதாவது ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் அரசு ஆணையை, எடுத்தேன். உயிரோடு இருந்தவரை அதை வேறு யார் கையிலும் அவர் கொடுத்ததில்லை. அதில் துறை, கேபினட் செகரட்டேரியட். பதவி, ஃபீல்டு ஆபீசர். அமைச்சரவைச் செயலகம் என்பது மந்திரிசபைக் கூட்டங்களுக்கு வேண்டிய காரியங்களைப் பார்க்கும் இடம். தந்தி தெரிந்த ஒருவருக்கு, கால்விரல் போகிற குளிரில், அங்கே என்ன வேலை?

நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க வருடங்கள் பொருந்தி வந்தன. 1962 சீனப் போருக்குப் பிறகு எல்லையைக் கண்காணிக்கப் புதிய அமைப்புகள் அவசரமாக உருவாயின. திபெத்திய இளைஞர்களைக் கொண்ட சிறப்பு எல்லைப் படை, விமானத்திலிருந்து வேவு பார்த்த ஏ.ஆர்.சி., எல்லைக் கிராம மக்களுக்குப் பயிற்சி கொடுத்த எஸ்.எஸ்.பி. எல்லாம் அந்தச் சமயத்தில் வந்தவைதான். 1968 செப்டம்பரில் உளவுப் பணியகத்திலிருந்து வெளிநாட்டுப் பிரிவைத் தனியாகப் பிரித்து, ஆர்.என். காவ் தலைமையில் 'ரா' அமைப்பை இந்திரா காந்தி அரசு தொடங்கியது. அது அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருகிறது. பெரியப்பா 1963-ல் வடக்கே போனதும், 1969-ல் கடிதத்தின் முகவரி மாறியதும் இதோடு ஒத்துப்போகின்றன. என் மனதுக்கு இது போதும். ஆனால் பெரியம்மா கேட்பது என் ஊகத்தை இல்லை.

2022-ல் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு அலுவலகத்துக்கு மனு போட்டேன். எத்தனையோ பேருக்கு நான் கவுன்ட்டரில் விற்ற அதே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை எனக்காக ஒன்று வாங்கி வைத்து அனுப்பினேன். சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, அமைப்பின் பெயர், இந்த மூன்று மட்டும்தான் கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. 24-வது பிரிவின்படி இந்த அமைப்புக்குச் சட்டம் பொருந்தாதாம். மேல்முறையீட்டுக்கும் அதே இரண்டு வரிதான். உளவுப் பணியகம், ரா, ஏ.ஆர்.சி., சிறப்பு எல்லைப் படை எல்லாம் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் விலக்குப் பெற்றவை. ஊழல் புகார், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் கேட்கலாம். தன் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்த்தார் என்று ஒரு கிழவி கேட்பது இரண்டிலும் சேராது.

ரகசியம் வேண்டும் என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எந்த மலையில் இருந்தார், யாருடைய செய்தியைக் கேட்டார் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். ஒருவருக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால், அடுத்தவருக்குச் சொல்லாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிடும் என்று அதிகாரிகள் நினைக்கலாம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்று 30 வருடம் ஆகி, ஆளும் காலமாகிவிட்டார். கையில் அரசாங்கமே கொடுத்த பி.பி.ஓ.வோடு மனைவி நேரில் வந்து நிற்கிறார். அவரிடம், 'உங்கள் கணவர் எங்களிடம்தான் பணியாற்றினார்' என்று ஒரு வரிச் சான்று கொடுப்பதால் எந்த எல்லைக்கு ஆபத்து வந்துவிடும்?

இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பணிக்குப் போனவர்களின் தனிக் கோப்புகளை பிரிட்டன் தன் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கானின் கோப்பும் அங்கே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் அரசே 2016 ஜனவரி 23 அன்று நேதாஜி பற்றிய 100 கோப்புகளை வெளியிட்டதே. 1993-ன் பொது ஆவணச் சட்டம், 25 வருடத்தைத் தாண்டிய ஆவணங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியவையா என்று பரிசீலிக்கச் சொல்கிறது. எங்களைப் போன்ற குடும்பங்களையும் மனதில் வைத்து, இறந்துபோன ஊழியர்களின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி ஒரு சான்று வழங்க விதி செய்ய வேண்டும். நம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். 14-ஆம் தேதி, கடைசி நாள், பெரியப்பா தனியாக பஸ் ஏறி கும்பகோணம் போய் வரிசையில் நின்று ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அது எங்கள் வீட்டுக்கே வந்தது, பெரியம்மா பெயருக்கு. 'ரீச்ட் சேஃப்லி' என்ற இரண்டே வார்த்தை. அத்தனை வருடத்தில் ஒவ்வொரு முறை லீவு முடிந்து அவர் கிளம்பிப் போனபோதும் பெரியம்மா எதிர்பார்த்து, ஒருமுறைகூட வராத தந்தி அது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் இன்னமும் வைத்திருக்கிறார்.

பெரியப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கக்கூடும். நீங்கள் செய்த சத்தியத்தை மீறச் சொல்லவில்லை. ஊர் பெயரோ ஆபீஸ் பெயரோ எதுவும் சொல்ல வேண்டாம். திருச்சி தந்தி ஆபீசிலிருந்து போனவர், எப்போதும் விரலால் தட்டிக்கொண்டே இருப்பவர், இடது காலில் சுண்டுவிரல் இல்லாதவர் என்றால் உங்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். ஒரு கார்டு போட்டால் போதும். பெரியம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். என் முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப் போஸ்ட்மாஸ்டர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)